ரிசீவர் வாங்கறதுக்கு முன்னாடி டிவியோட பின்பக்கத்த ஒருதடவ பாருங்க தம்பி

கேள்வி: அண்ணா வணக்கம். எங்க ஹால் 12க்கு 14 அடி. புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் நாலு, சென்டர் ஒன்னு, பவர்டு சப்வூஃபர் ஒன்னு கையில இருக்கு. பழைய ரிசீவர் (டிவி, கன்சோல் சத்தத்த வாங்கி ஸ்பீக்கருக்கெல்லாம் பிரிச்சு கொடுக்கற ஆம்ப் பெட்டி) போன மாசம் செத்துப்போச்சு. 4கே டிவி வாங்கி மூணு வருஷம் ஆகுது, புது கேம் கன்சோலும் இருக்கு. மூணு ரிசீவர் பார்த்து வெச்சிருக்கேன். ஒன்னு, போன தலைமுறை 7.2 மாடல், கடையில சீல் பிரிக்காதது, 30 சதவீதம் தள்ளுபடி. ரெண்டாவது, 2012ல வந்த ஒரு டாப் மாடல், செகண்ட் ஹேண்ட், முதல் மாடலோட விலையில பாதிதான் கேக்கறாங்க. மூணாவது, இப்போதைய தலைமுறை 9.2, ஆன்லைன்ல ஒருத்தர் சீல்டு பீஸ்னு சொல்லி பாதி விலைக்கு தர்றேங்கறார், ஆனா கம்பெனியோட டீலர் லிஸ்ட்ல அவர் இல்ல, பாதி பணம் முன்னாடியே அனுப்பணுமாம். இதுல எது அண்ணா நல்ல டீல்?

பதில்:

தம்பி, வணக்கம். சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடறேன், மூணுல முதல் ஆள்தான். ரெண்டாவத எடுக்காதீங்க, மூணாவது பக்கம் போகவே போகாதீங்க. ஆனா முதல் மாடலையும் நான் சொன்னேங்கறதுக்காக நாளைக்கே போய் தூக்கிட்டு வந்துடாதீங்க, அதுக்கு முன்னாடி வீட்டுல ரெண்டு இடத்த பார்க்கணும், ஒன்னு டிவியோட பின்பக்கம், இன்னொன்னு ஸ்பீக்கரோட பின்பக்கம். நான் வருஷக்கணக்கா வீடுகள்ல ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கற வேலையும் ரிப்பேர் வேலையும் பார்க்கறேன், ரிசீவர் விஷயத்துல காசு விட்டவங்க பெரும்பாலும் அதிக விலை கொடுத்து ஏமாந்தவங்க இல்ல, தனக்கு என்ன வேணும்னு தெரியாம தள்ளுபடிய மட்டும் பார்த்து வாங்கினவங்கதான். 40 சதவீதம் குறைச்சு கொடுத்தாங்கனு சந்தோஷமா கொண்டு வருவாங்க, பார்த்தா அதுல பாதி வசதி அவங்க வீட்டுல வேலையே செய்யாது, வேணுங்கற ஒரே ஒரு விஷயம் அதுல இருக்காது.

டிவிய திருப்பி எச்டிஎம்ஐ துளைங்க பக்கத்துல என்ன எழுதியிருக்குனு பாருங்க. ஏதோ ஒரு துளை பக்கத்துல ஆர்க்னு (ARC) இல்லன்னா இஆர்க்னு (eARC) இருக்கும். இந்த ஒரு எழுத்து வித்தியாசம் உங்க பட்ஜெட்டையே மாத்திடும். ஆர்க்ங்கறது 2009ல எச்டிஎம்ஐ 1.4 கூட வந்தது, டிவியில ஓடற சத்தத்த அதே கேபிள்ல திருப்பி ரிசீவருக்கு அனுப்பறது. அதுல சுருக்கின சத்தம்தான் போகும், டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் அந்த அளவுக்கு. ஸ்ட்ரீமிங்ல வர்ற அட்மாஸ் (தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி முறை) பெரும்பாலும் இந்த டிஜிட்டல் பிளஸ்ல ஏறித்தான் வருது, அதனால படம் பார்க்க அதுவே ஓரளவு போதும். இஆர்க்ங்கறது 2017ல எச்டிஎம்ஐ 2.1 ஸ்பெக் கூட வந்தது, அதுல டால்பி ட்ரூஎச்டி மாதிரி சுருக்கி தரம் குறைக்காத சத்தம், கேம் கன்சோல்ல இருந்து வர்ற 5.1, 7.1 பிசிஎம் (அஞ்சு இல்ல ஏழு ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் போற சுருக்காத சத்தம்), எல்லாமே முழுசா போகும்.

இதுல காசு எங்க மிச்சம்னு கேட்டீங்கன்னா, இப்ப ரிசீவர் விக்கறவங்க எல்லாரும் 8கே, 4கே 120 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 120 தடவ படம் மாறறது), எச்டிஎம்ஐ 2.1னு சொல்லித்தான் விலைய ஏத்தறாங்க. உங்களுக்கு 120 ஹெர்ட்ஸ் வேணும்தான், கன்சோல் இருக்கே. ஆனா அந்த வீடியோ ரிசீவர் வழியாத்தான் போகணும்னு எந்த கட்டாயமும் இல்ல. கன்சோல நேரா டிவியில சொருகுங்க, டிவியில இருந்து இஆர்க் வழியா சத்தம் மட்டும் ரிசீவருக்கு வரட்டும். அப்படி பண்ணிட்டா ரிசீவர்ல 2.1 வீடியோ துளை இருக்கா இல்லையாங்கற கேள்வியே போச்சு, இஆர்க் மட்டும் இருந்தா போதும். இஆர்க் ஒரு தனி வசதிங்கறதால எச்டிஎம்ஐ 2.0 ரிசீவர்கள்லயே வந்துடுச்சு, 2019 தலைமுறை மாடல் பலதுல இருக்கு, அதுக்கு முந்தின சிலதுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்ல கொடுத்தாங்க. வாங்கப் போற மாடலோட மேனுவல கம்பெனி சைட்ல இறக்கி இஆர்க்ங்கற வார்த்தைய தேடுங்க, கடைக்காரர் வாய்ல சொல்றத வெச்சு முடிவு பண்ணாதீங்க.

இதுல ஒரே ஒரு சிக்கல், சில டிவிகள் டிடிஎஸ் (டால்பிக்கு போட்டியான இன்னொரு சத்த முறை) சத்தத்த வாங்கவும் செய்யாது கடத்தவும் செய்யாது. டிஸ்க் பிளேயர் வெச்சிருந்தீங்கன்னா அத மட்டும் நேரா ரிசீவர்ல கொடுத்துடுங்க, டிஸ்க்குக்கு 120 ஹெர்ட்ஸ் தேவையே இல்ல. உங்க டிவியில வெறும் ஆர்க்தான் இருக்குன்னா கதை வேற, அப்ப கன்சோல் சத்தம் முழுசா வேணும்னா அது ரிசீவர் வழியாத்தான் போகணும், அந்த 2.1 துளைக்கு நீங்க காசு கொடுத்தே ஆகணும். இல்லன்னா 4கே 60 ஹெர்ட்ஸ் போதும்னு மனச தேத்திக்கணும்.

அந்த 2.1 பத்தி பேசும்போது ஒரு விஷயம் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். 2020ல வந்த முதல் 2.1 ரிசீவர்கள் சில கம்பெனிகளோடதுல உள்ள இருந்த எச்டிஎம்ஐ சிப்புல கோளாறு இருந்துச்சு, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல இருந்தோ புது கிராஃபிக்ஸ் கார்டுல இருந்தோ 4கே 120 கொடுத்தா டிவி கருப்பா நின்னுடும். அப்புறம் ஒரு கம்பெனி நடுவுல மாட்டிக்கற ஒரு குட்டி அடாப்டர் பெட்டி கொடுத்துச்சு, இன்னொரு கம்பெனி உள்ள இருக்கற போர்டையே மாத்திக் கொடுத்துச்சு. பழைய கதைதான், ஆனா அந்த 2020 பீஸுங்க இப்ப செகண்ட் ஹேண்ட்லயும், கடை மூலையில மிச்சம் கிடந்த ஸ்டாக்காவும் நல்ல தள்ளுபடியில வருது. உங்க முதல் மாடல் அந்த வருஷத்துதுன்னா சரி பண்ணின பீஸான்னு சீரியல் நம்பர கொடுத்து கம்பெனி சர்வீஸ்ல கேளுங்க. நான் சொன்ன இஆர்க் வழியில போனீங்கன்னா இந்த கோளாறு உங்கள தொடவே தொடாது, அப்ப மத்தவங்க பயந்து ஒதுக்கற அந்த பீஸ் உங்களுக்கு உண்மையிலேயே நல்ல டீல்.

எந்த வருஷத்து மாடல்னு எப்படி கண்டுபிடிக்கறதுனா நம்பர்லயே இருக்கு. டெனான் எக்ஸ் 2600, 2700, 2800னு எடுத்துக்கோங்க, முதல் நம்பர் 2ங்கறது அந்தஸ்து, 1 கீழ, 3 அதுக்கு மேல, ரெண்டாவது நம்பர்தான் தலைமுறை, 2600 வந்தது 2019, 2700 வந்தது 2020, 2800 வந்தது 2022. மராண்ட்ஸ் எஸ்ஆர் மாடல்கள்ல 5013, 5014, 5015னு கடைசி நம்பர் ஏறுச்சு. இது தெரிஞ்சிருந்தா "லேட்டஸ்ட் சார்"னு ஒருத்தர் சொல்லும்போதே அது எத்தனை தலைமுறை பழசுன்னு உங்களுக்கு தெரிஞ்சிடும். ஒரு அந்தஸ்து மேல இருக்கற போன தலைமுறை மாடலும், ஒரு அந்தஸ்து கீழ இருக்கற புது தலைமுறை மாடலும் ஒரே விலையில இருந்தா நான் பெரும்பாலும் முதல் வகையத்தான் எடுக்கச் சொல்வேன், ஏன்னு கீழ ரூம் கரெக்‌ஷன் பத்தி சொல்லும்போது புரியும்.

அடுத்து வாட். உங்க லெட்டர்ல வாட் பத்தி ஒன்னும் கேக்கலைன்னாலும் கடையில முதல்ல அதத்தான் காட்டுவாங்க. அட்டைப்பெட்டியில 140, 150 வாட்னு பெருசா போட்டிருக்கும், அதுக்கு கீழ பொடி எழுத்துல 6 ஓம்ஸ் (ஸ்பீக்கரோட மின் எதிர்ப்பு), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம் டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும்னு இருக்கும். அதாவது மத்த எல்லா சேனலையும் மூடி வெச்சிட்டு, ஒரே ஒரு ஸ்வரத்த, சத்தம் கிழியற அளவுக்கு ஏத்தி அளந்த கணக்கு அது. நீங்க தேட வேண்டியது 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல் ஓடும்போது, டிஸ்டார்ஷன் 0.1 சதவீதத்துக்குள்ளங்கற வரி. அட்டையில 150 போட்ட மிஷின் அந்த வரியில 80 காட்டும், அது ஏமாத்து இல்ல, ரெண்டுமே அளந்த கணக்குதான், ஆனா ஒரு கம்பெனியோட 150யும் இன்னொரு கம்பெனியோட 80யும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டு இதுதான் பலம்னு எடுத்துட்டு வந்தா தப்பு.

80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதுல எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? கணக்குப்படி 1 டெசிபெல். அவ்வளவுதான். வாட்ட ரெண்டு மடங்கு ஆக்கினாத்தான் 3 டெசிபெல் ஏறும், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தோணணும்னா பத்து மடங்கு வாட் வேணும். அதனால 20 வாட் கூடன்னு சொல்லி ஒருத்தர் விலைய ஏத்தினா அதுக்கு கொடுக்காதீங்க. உங்க ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி 88 டெசிபெல்னு வெச்சுக்குவோம், அதாவது 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்துல 88. நீங்க 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா, சுவர்ல பட்டு திரும்பற சத்தத்தையும் சேர்த்து, ஏறக்குறைய 80 வரும். 1 வாட்டுக்கே 80! 10 வாட்டுக்கு 90. வீட்டுல உட்கார்ந்து படம் பார்க்கற பலருக்கு வெடிச்சத்தம் 90க்கு போனாலே யாராவது ஒருத்தர் ரிமோட்ட தேட ஆரம்பிச்சுடுவாங்க. போதாக்குறைக்கு உங்க சப்வூஃபர்ல தனி ஆம்ப் இருக்கு, கிராஸ் ஓவர, அதாவது அடி சத்தத்த சப்வூஃபருக்கு பிரிச்சு விடற எல்லைய, 80 ஹெர்ட்ஸ்ல வெச்சீங்கன்னா பலம் அதிகமா கேக்கற அடி சத்தத்த அது தூக்கிக்கும், ரிசீவருக்கு பாரம் குறையும். பெரிய ஹாலும் மட்டமான சென்சிட்டிவிட்டி ஸ்பீக்கரும் சேர்ந்தாத்தான் வாட் உண்மையான கேள்வி, 12க்கு 14 ரூம்ல இல்ல.

ஸ்பீக்கர் பின்னாடி பாருங்கனு சொன்னது இதுக்குத்தான், அங்க எத்தனை ஓம்ஸ்னு எழுதியிருக்கும். 8, 6 எல்லாம் எந்த ரிசீவரும் தாங்கும். 4 ஓம்ஸ்னு இருந்தா மட்டும் நில்லுங்க, வாங்கற ரிசீவரோட மேனுவல்ல 4 ஓம்ஸ் வரைக்கும் அனுமதின்னு இருக்கானு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, இல்லன்னா சத்தம் ஏத்தும்போது சூடாகி ப்ரொடெக்ட்னு சொல்லி அணைஞ்சுடும்.

சேனல் எண்ணிக்கை சீக்கிரம் முடிஞ்சுடற விஷயம், 7.2ன்னா ஏழு சேனலும் ரெண்டு சப்வூஃபர் இணைப்பும். உங்ககிட்ட இருக்கறது அஞ்சு ஸ்பீக்கர். 7 சேனல் ரிசீவர் எடுத்தா மிச்சம் ரெண்டு இருக்கு, நாளைக்கு சீலிங்ல ரெண்டு போட்டு 5.1.2 அட்மாஸ் பண்ணிக்கலாம், கடைசி 2தான் அந்த சீலிங் ஸ்பீக்கர். 9 சேனல் சீலிங்ல நாலு போடறவங்களுக்கு. சீலிங்ல துளை போட வீட்டுல சம்மதம் வாங்கிட்டீங்களா? வாங்கலைன்னா அந்த நாலு சேனலுக்கும் காசு கொடுத்து சும்மா வெச்சிருப்பீங்க.

இப்ப அந்த 2012 டாப் மாடல். அதப் பார்த்தா உங்களுக்கு ஆசை வர்றது எனக்கு நல்லா புரியுது, எனக்கும் அந்த காலத்து மிஷின்கள் மேல பெரிய மரியாதை. மூடிய கழட்டினா உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மரே ஒரு கை பாரம் இருக்கும், ஹீட் சிங்க் ஒவ்வொன்னும் செதுக்கி வெச்ச மாதிரி, அப்படி இன்னைக்கு நடு விலையில ஒருத்தரும் செய்யறதில்ல. வெறும் பாட்டு கேக்கறதுக்குன்னு நீங்க கேட்டிருந்தா எடுங்கன்னே சொல்லியிருப்பேன். ஆனா உங்க வேலைக்கு அது ஒத்துவராது. அட்மாஸ் வீட்டு ரிசீவர்ல வந்தது 2014, டிடிஎஸ் எக்ஸ் 2015, ரெண்டும் அதுல இருக்காது. இஆர்க் கிடையாது. எச்டிசிபி 2.2ங்கற காப்பி தடுப்புப் பூட்டு அதுக்கு தெரியாது, 4கே ஸ்ட்ரீமிங் பெட்டியோ 4கே டிஸ்க் பிளேயரோ அதுல சொருகினா ஒன்னு படம் 1080க்கு இறங்கும், இல்ல வரவே வராது. டிவியில இருந்து ஆர்க் வழியா சாதா 5.1 மட்டும் கேட்டுக்கலாம், கன்சோல் சத்தமும் அதே சுருக்கின வழியிலதான் வரணும்.

அதவிட எனக்கு பெரிய பயம் அதோட வயசு. உள்ள இருக்கற கெபாசிட்டர்களுக்கு சூடுதான் எதிரி, 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசு பாதியாகும்னு எங்க வேலையில ஒரு பொதுக்கணக்கு உண்டு, அந்த மாதிரி பெரிய மிஷின் பத்து வருஷத்துக்கு மேல மூடின அலமாரிக்குள்ள ஓடியிருந்தா என்ன நிலைமையில இருக்கும்னு வெளிய பார்த்து சொல்ல முடியாது. கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் அப்படி ஒரு மிஷின ரெண்டு கையாலயும் அணைச்சு தூக்கிட்டு வந்தார், வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு, எச்டிஎம்ஐ போர்டு போயிடுச்சு. ஆம்ப் பகுதி அருமையா இருந்துச்சு, ஆனா அந்த போர்டு கம்பெனி நிறுத்தி பல வருஷம் ஆகுது, நான் தேடாத இடம் இல்ல, இன்னொரு செத்த மிஷின் கூட கிடைக்கல. கடைசியில ஆப்டிக்கல் கேபிள்ல மாட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவர் முகம் இன்னும் கண்ணுல நிக்குது, அதான் உங்ககிட்ட இவ்வளவு அழுத்தி சொல்றேன். எச்டிஎம்ஐ 1.4 வந்தது 2009, 2.0 வந்தது 2013, 2.1 வந்தது 2017, எட்டு வருஷத்துக்குள்ள மூணு. ஸ்பீக்கருக்கு அன்னைக்கும் ரெண்டு வயர்தான், இன்னைக்கும் ரெண்டு வயர்தான். அதனால ரிசீவர்ல மிச்சம் பிடிங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, இதத்தான் நான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றது.

ஆனா மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்னு இருக்கு, அது ரூம் கரெக்‌ஷன். பெட்டிக்குள்ள ஒரு சின்ன மைக் கொடுப்பாங்க, அத நீங்க உட்கார்ற இடத்துல வெச்சா ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் ஒரு சத்தம் விட்டு, தூரம், அளவு, ரூம் எந்த அடி சத்தத்த உப்ப வைக்குது எதை முழுங்குதுன்னு அளந்து சரி பண்ணும். டெனான், மராண்ட்ஸ்ல அது ஆடிஸி, யமஹால ஒய்பாவோ, பயனியர்ல எம்கேக், சில மேல்நிலை மாடல்கள்ல டிராக் லைவ் போட்டுக்கலாம். இதுலயும் படிக்கட்டு இருக்கு, ஆடிஸியில சாதா மல்டிஈக்யூ, அதுக்கு மேல எக்ஸ்டி, அதுக்கு மேல எக்ஸ்டி32, மேல போகப் போக அடி சத்தத்த, அதுவும் சப்வூஃபர, எவ்வளவு நுணுக்கமா திருத்துதுங்கறது மாறும். ஒரு அந்தஸ்து மேல இருக்கற பழைய மாடல எடுங்கன்னு சொன்னதுக்கு காரணம் இதுதான், உங்க மாதிரி சின்ன ரூம்ல அடி சத்தம் மூலையில போய் தேங்கி நின்னு பேச்ச மூடும், அத சரி பண்றது 20 வாட் கூட இருக்கறதவிட காதுக்கு நூறு மடங்கு தெரியும். டிராக்குக்கு சில மாடல்ல லைசென்ஸ் தனியா வாங்கணும், அந்த காசையும் விலையோட கூட்டிட்டு ஒப்பிடுங்க.

அந்த மைக் பெட்டியில இருக்கான்னு பாருங்க, மறக்காதீங்க. டிஸ்ப்ளே பீஸ், ஓபன் பாக்ஸ், செகண்ட் ஹேண்ட் எதுவா இருந்தாலும் முதல்ல தொலையறது அதுதான். ஒரு கம்பெனி மைக்க இன்னொரு கம்பெனி ரிசீவர்ல சொருகினா சொருகத்தான் செய்யும், ஆனா அளவு தப்பா வரும், ஏன்னா அந்த மைக்கோட குணத்துக்கு ஏத்த மாதிரிதான் உள்ள கணக்கு இருக்கு. அளக்கும்போது மைக்க சோஃபா மேல சும்மா வைக்காதீங்க, கேமரா ஸ்டாண்டுல காது உயரத்துக்கு நிறுத்தி, ஃபேன அணைச்சுட்டு, முதல் இடம் நீங்க எப்பவும் உட்கார்ற இடமா வெச்சு ஆரம்பிங்க.

மூணாவது ஆள் பத்தி. டீலர் லிஸ்ட்ல இல்லாதவர்கிட்ட வாங்கினா கம்பெனி வாரண்ட்டி பெரும்பாலும் செல்லாது, ரிசீவர்ல வாரண்ட்டிங்கறது அலங்காரம் இல்ல, அதுவும் விலையில ஒரு பங்கு. வேற நாட்டுல இருந்து வந்த பீஸா இருந்தா வோல்டேஜே வேற, சில நாட்டுல 100, 120, சில நாட்டுல 220ல இருந்து 240, ரிசீவர் பெரும்பாலும் ஒரே வோல்டேஜுக்குத்தான் செஞ்சிருப்பாங்க, போன் சார்ஜர் மாதிரி எங்க வேணா ஓடாது. தப்பா சொருகினா அந்த நிமிஷமே போயிடும், சரியா ஓட்டணும்னா கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்னு பக்கத்துல காலம் பூரா இரைஞ்சுகிட்டே கிடக்கும். யாரா இருந்தாலும் பின்பக்க படம் கேளுங்க, அதுல வோல்டேஜும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் தெரியணும், ஸ்டிக்கர கிழிச்சிருந்தா பேச்ச அதோட முடிச்சுக்கோங்க. சீல் பிரிக்காத இப்போதைய மாடல பாதி விலைக்கு, அதுவும் முன்பணம் வாங்கிட்டு விக்க ஒரு நேர்மையான வியாபாரிக்கு எந்த காரணமும் எனக்கு தோணல.

உங்க முதல் மாடலோட 30 சதவீதமும் எதுல இருந்து 30னு பாருங்க. அட்டையில போட்ட விலைக்கு யாரும் எப்பவும் விக்கறதில்ல, ஒரு மாசம் நாலு கடை விலைய தினமும் வேண்டாம் வாரம் ஒருதடவ குறிச்சு வைங்க, சாதாரணமா போற விலை அதுல தெரிஞ்சிடும், அதுக்கு கீழ எவ்வளவுங்கறதுதான் உண்மையான தள்ளுபடி. புது தலைமுறை அறிவிச்சதும் பழைய ஸ்டாக்க தள்ளிவிட கடைக்காரங்களே தேடுவாங்க, அதுதான் நல்ல நேரம், ஆனா ரொம்ப காத்திருந்தா பீஸே கிடைக்காம போகும். இலவசமா கேபிள் தர்றேன், ஸ்பீக்கர் தர்றேன்னா வேண்டாம்னு சொல்லி அதுக்கு பதிலா வாரண்ட்டிய ஒரு வருஷம் நீட்டிக் கேளுங்க, விலையில இறங்காதவங்க கூட இதுல இறங்குவாங்க. கம்பெனியே சரி பார்த்து விக்கற ரீஃபர்பிஷ்டு கிடைச்சா அதுவும் நல்லதுதான், வாரண்ட்டி எத்தனை மாசம்னு மட்டும் எழுத்துல வாங்குங்க.

ஒருவேளை கடையில அந்த பீஸ் தீர்ந்துபோய் அதே மாடல செகண்ட் ஹேண்ட்ல பார்க்கப் போனீங்கன்னா சும்மா ஆன் பண்ணி பார்த்துட்டு வந்துடாதீங்க, ஒரு ஸ்பீக்கரும் ரெண்டு எச்டிஎம்ஐ கேபிளும் கையில எடுத்துட்டு போங்க, ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளையிலயும் மாத்தி மாத்தி சொருகி படம் வருதான்னு பாருங்க, டெஸ்ட் டோன் போட்டு அந்த ஒரு ஸ்பீக்கர ஒவ்வொரு சேனல்லயா மாத்தி கேளுங்க, வால்யூம ஏத்தி இறக்கும்போது கரகரன்னு வருதான்னு கேளுங்க, மேல மூடி துவாரத்துல மூக்க வெச்சு கருகின வாசனை வருதான்னு பாருங்க, எல்லாத்துக்கும் மேல அரைமணி நேரம் ஓட விடுங்க, ஏன்னா போகப்போற எச்டிஎம்ஐ போர்டு குளிரா இருக்கும்போது ஒழுங்காத்தான் இருக்கும், சூடு ஏறினதும்தான் படம் விட்டு விட்டு வரும். விக்கறவர் அவசரப்படுத்தினா வந்துடுங்க.

மிச்சமாகற காசு என்ன பண்ணலாம்னா, உங்க சென்டர் ஸ்பீக்கர் மத்த நாலோட ஜோடி இல்லைன்னா முதல்ல அத மாத்துங்க, படத்துல பேச்சு பெரும்பாலும் அதுலதான் வருது. அது சரியா இருந்தா காசு அப்படியே இருக்கட்டும். ரிசீவர அலமாரிக்குள்ள தள்ளி அடைக்காதீங்க, மேல ஒரு சாண் இடமாவது விடுங்க, அது மேல வேற பெட்டி எதையும் அடுக்கக் கூடாது.

டிவி மாடல் நம்பர், ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற ஓம்ஸ், அந்த முதல் ரிசீவரோட முழு மாடல் நம்பர், இந்த மூணையும் எழுதி அனுப்புங்க, எந்த துளையில எதை சொருகணும்னு படம் போட்டே அனுப்பறேன். அதுவரைக்கும் அந்த மூணாவது ஆளுக்கு அட்வான்ஸ் எதுவும் அனுப்பிடாதீங்க தம்பி.